பதினாலாம் நம்பர் போத்தல்

உ
ஒமாவி மிஷன் ஆஸ்பத்திரி,
பாப்புவா நியூகினி.
3.3.1986

அன்புத் தங்கச்சி சிவமலருக்கு,

அண்ணை சண்முகலிங்கம் எழுதுறது. நானும் மச்சாளும் சுகம். நீயும் தில்லைநாதனும் சுகமாயிருக்க வேணும். சுவிசிலை குளிர் குறைஞ்சிட்டுதோ? இங்கை மழை எட்டு மாதமா விடேல்லை. என்ரை சப்பாத்துக்குள்ளை காளான் முளைச்சிருக்கு, பகிடியில்லை, மெய்யாத்தான்.

விசயத்துக்கு வாறன். இந்தக் காட்டுக்குள்ளை பத்துப் பன்னிரண்டு ஊர், எல்லாத்துக்கும் நான் ஒருத்தன்தான் டொக்டர். நத்தாருக்குப் பிறகு ஆறு பிள்ளையள் செத்துப் போச்சுதுகள். எல்லாம் ரெண்டு மாதப் பிள்ளையள். முதல்லை வயித்தோட்டம், பேந்து வயிறு ஊதும், தட்டினால் மேளம்போலச் சத்தம். முகம் வீங்கும், மூச்சு இழுக்கும், ஒரு சில கிழமையிலை எல்லாம் முடிஞ்சிடும். தாய்மார் ரெண்டு நாள் நடந்து பிள்ளையைக் கொண்டு வருகினம். வந்து என்ரை முகத்தைப் பாக்கினம். குடலிலை ஏதோ புழு எண்டு என்ரை மனம் சொல்லுது. என்ன புழு எண்டு பாக்க ஏலாது. மைக்கிரஸ்கோப் கண்ணாடியிலை பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு.

எங்கடை மிஷன் சுவிஸ் மிஷன்தானே. சூரிச்சிலை ஒரு லாபுக்குப் போத்தல் அனுப்ப மிஷன் பாஸ்ரர் ஒழுங்கு செய்திட்டார். ஓம், அவர் கடிதம் குடுத்து உனக்கு வேலை எடுத்துத் தந்த அதே லாப்தான். மலத்தைக் கெடாமல் போர்மலின் மருந்திலை போட்டு, ஒண்டிலையிருந்து ஒன்பது வரை நம்பர் எழுதி அனுப்புறன். அவையள் பாக்கட்டும். ஆனால் நீயும் ஒருக்கால் பார். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி லாபிலை ஆறு வருசம் இதைத்தானே பாத்தனி. உன்ரை கண்ணை நான் நம்புவன்.

அண்ணை

மச்சாள், நான் ஜெயகௌரி. வழமைபோல இந்த மூலைதான் எனக்கு மிச்சம் விட்டிருக்கிறார். இங்கத்தைப் பெண்டுகள் எனக்கு ஒரு நூல் பை பின்னுகினம், சரியான வடிவு. என்னத்துக்கு எண்டு பிறகு சொல்லுறன்.

*

உ
ஷ்லீரன்
சுவிஸ்
24.3.1986

அன்புள்ள அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

நாங்கள் ரெண்டு பேரும் நல்ல சுகம். இவர் றெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவுறார், நான் லாபிலை போத்தல் கழுவுறன். வீட்டுக்கு வந்தால் ஆர் எங்கடை கோப்பை கழுவுறது எண்டு சண்டை.

ஆறு பிள்ளையள் எண்டதை இவருக்கும் வாசிச்சுக் காட்டினன், அண்ணை. உங்கடை போத்தலுகள் வந்து சேர்ந்தது. லாபிலை பெரியவ ஃபிராவ் டொக்டர் அம்மான், ஃபிராவ் எண்டால் திருமதி. பேர்தான் அம்மான், ஆள் பொம்பிளை, நெட்டை, லேசிலை சிரிக்க மாட்டா. அவவின்ரை ஆக்கள் பாத்து கொழுக்கிப்புழு முட்டை எண்டு எழுதியிருக்கினம். வழமையான பூச்சி மருந்தைக் குடுக்கட்டாம். மிஷன் மூலம் அந்தக் கடிதம் உங்களுக்கு வரும்.

என்னையும் பாக்கச் சொல்லி எழுதியிருந்தியள். நான் அங்கை போத்தல் கழுவுறவள். மைக்கிரஸ்கோப் மேசையைத் துடைப்பன், மைக்கிரஸ்கோப்பைத் தொடமாட்டன். அதோடை விடுங்கோ.

எங்களை அகதியா ஏற்கிற அசூல் கேஸ் இன்னும் முடிவில்லை. தபாற்காரனைக் கண்டால் ஓடிப்போய்ப் பெட்டியைப் பாக்கிறன். மச்சாள், அதென்ன நூல் பை? சும்மா ஆசை காட்டாமல் சொல்லுங்கோ.

அன்புத் தங்கச்சி
சிவமலர்

*

உ
ஒமாவி
14.4.1986

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கை சுகம். அங்கையும் அப்பிடியே இருக்க வேணும்.

உங்கடை லாப் சொன்ன மருந்தைக் குடுத்தன். இன்னும் ரெண்டு பிள்ளை செத்திட்டுது. ஒண்டு மருந்து குடிச்ச நாலாம் நாள். அந்தத் தாய் பறிகுடுக்கிற ரெண்டாவது பிள்ளை இது. அவ என்னை ஏசினால்கூடப் பரவாயில்லை. என்ரை கையிலையிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு நடந்து போனா.

கொழுக்கிப்புழுவாம்! எனக்கு விசர் வருது. கொழுக்கிப்புழு வெறுங்காலோடை மண்ணிலை நடக்கிறவைக்கு வாறது. ஐஞ்சு கிழமைப் பிள்ளை எங்கை நடந்தது? இங்கத்தைப் பிள்ளையள் நிலத்திலை படுக்கிறதேயில்லை. தாயின்ரை முதுகிலை நூல் பைக்குள்ளை, இலை விரிச்சு, ராப்பகலா அதுக்குள்ளைதான் கிடக்குதுகள். கதிரையிலை இருந்துகொண்டு கொழுக்கிப்புழு எண்டு எழுத ஒரு லாப் வேணுமோ?

நீ ஒருக்கால் பாத்திருக்கலாம். ஆறு வருசம் படிச்சுச் செய்த வேலையை விட்டுப் போட்டுப் போத்தல் கழுவுறது உன்ரை விதி எண்டால் கழுவு. ஆனால் போத்தலைக் கழுவ முன்னம் உள்ளுக்கை இருக்கிறதைப் பாக்கிறதுக்கு என்ன?

மச்சாள் சுகம். தலைக்குத்து எண்டு படுத்திருக்கிறா, அதாலை எழுதேல்லை.

அண்ணை

*

உ
ஷ்லீரன்
5.5.1986

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். உங்கடை கடிதத்தை வாசிச்சு நான் அழுதது இவருக்குத் தெரியாது.

இனி ஒளிச்சுப் பிரயோசனமில்லை, சொல்லுறன். எங்களைக் கூட்டி வந்த ஏஜென்சிக்காரன், கவுண்மேந்து உத்தியோகம் எண்டு மட்டும் வாய் திறக்காதை, அரசாங்கத்திட்டைச் சம்பளம் வாங்கினவளுக்கு அரசாங்கத்தாலை என்ன பயம் எண்டு கேட்டுத் திருப்பி அனுப்புவாங்கள் எண்டான். நான் அதை நம்பி விசாரணையிலை வீட்டிலை சும்மா இருந்தனான் எண்டு சொன்னன். எழுதினாங்கள், கையெழுத்தும் வைச்சன். இப்ப லாபிலை நான் படிச்சவள், பெரியாஸ்பத்திரியிலை வேலை செய்தவள் எண்டு தெரிய வந்தால் அது பொலிசுக்குப் போகும். ஒண்டு பொய் எண்டால் எல்லாம் பொய் எண்டுதான் எடுப்பாங்கள். என்னாலை இவரையும் கொழும்புக்கு ஏத்தி விடுவாங்கள். இவருக்குக் கொழும்பிலை என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்.

அதாலைதான் அண்ணை, மைக்கிரஸ்கோப்பிலை ஆரும் இருந்தால் நான் அந்தப் பக்கம் போறதேயில்லை. என்னைக் கோழை எண்டு நினைச்சால் நினையுங்கோ. பாஸ்ரருக்கு மட்டும் நான் என்ன படிச்சவள் எண்டு தயவுசெய்து எழுதிப்போடாதேங்கோ.

மச்சாளின்ரை எழுத்தில்லாமல் உங்கடை கடிதம் வந்ததேயில்லை. தலைக்குத்து இப்ப எப்பிடி? முந்தி ரெண்டு தரமும் பிள்ளை வயித்திலை தங்காமல் போன நேரத்திலைகூட அவ ரெண்டு வரி எழுதினவ.

தங்கச்சி
சிவமலர்

*

உ
ஒமாவி
23.6.1986

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன்ரை கடிதம் மே மாதமே கிடைச்சது, பதில் எழுதப் பிந்திப் போச்சு. நீ சொன்னது விளங்குது. உன்னை நான் பேசியிருக்கக் கூடாது. பாஸ்ரருக்கு ஒண்டும் எழுத மாட்டன்.

இந்தப் பிளேனிலை இன்னும் ஐஞ்சு போத்தல் வருது, பத்திலையிருந்து பதினாலு. பதினாலாம் நம்பர் பெண் பிள்ளை, வயது ஆறு கிழமை. வயித்தோட்டம் தொடங்கி எட்டு நாள். வயிறு ஊதத் தொடங்குது.

உன்னை நான் வற்புறுத்தேல்லை. உனக்கு ஒரு குடும்பம் இருக்கு, அதைப் பார். ஆனால் பதினாலை மட்டும் பார் தங்கச்சி. மற்றதை விடு. பதினாலை மட்டும்.

அண்ணை

*

உ
ஷ்லீரன்
9.7.1986

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். இதை எக்ஸ்பிரஸிலை போடுறன், கெதியா வர வேணும் எண்டு கும்பிட்டுக்கொண்டு.

பாத்திட்டன். இண்டைக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், கதவைச் சாத்திப் போட்டுப் பதினாலிலை ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டிலை வைச்சுப் பாத்தன். மூண்டு வருசம் தொடாத கை, ஆனால் மறக்கேல்லை. முட்டை இருக்கு, கனக்க. கொழுக்கிப்புழு முட்டையிலும் சின்னன், ஓடு மெல்லிசு. உள்ளுக்கை குஞ்சுப்புழு சுருண்டு முழுசா வளர்ந்து கிடக்கு. கொழுக்கிப்புழு முட்டை வெளியிலை வரேக்கை அப்பிடி இராது. உள்ளுக்கை நாலைஞ்சு உருண்டைதான் இருக்கும்.

லாப் கொப்பியையும் திறந்து பாத்தன். குஞ்சை அவையளும் கண்டிருக்கினம். ஆனால் என்ன எழுதியிருக்கினம் தெரியுமோ? காட்டிலையிருந்து வாற மாதிரி, போர்மலினிலை போட முன்னம் ஒரு நாளாவது வெளியிலை கிடந்திருக்கும், அதாலை கொழுக்கிப்புழு முட்டை வளர்ந்திட்டுது எண்டு. உங்களைக் கேக்காமலே எழுதியிருக்கினம். காட்டிலை இருக்கிறவனுக்கு ஒழுங்கு தெரியாது எண்டு ஒரு நினைப்பு.

இப்ப எல்லாம் உங்கடை பதிலிலைதான் இருக்கு. ஒவ்வொரு போத்தலும், வெளியிலை போய் எத்தினை நிமிசத்திலை போர்மலினுக்குள்ளை போட்டியள்? மானத்தைப் பாக்காமல் உண்மையை எழுதுங்கோ. போர்மலினுக்குள்ளை போட்டால் முட்டை மேலை வளராது. ஒரு நாள் கிடந்தது எண்டால் அவையள் சொல்லுறது சரி. உடனை போட்டது எண்டால் இது கொழுக்கிப்புழுவே இல்லை, ஸ்ரொங்கிலோயிடிஸ் எண்டுற வேறை சாதி. நீங்கள் குடுக்கிற மருந்து அதுக்குக் கேளாது. வேறை மருந்து இருக்கு.

தகட்டை எறிய மனம் வரேல்லை. ஓரத்திலை நகப் பொலிஷ் பூசி மூடி, பதினாலு எண்டு கீறி, என்ரை லொக்கருக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிறன்.

மச்சாள் எங்கை? இந்த முறை அவவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதேல்லை நீங்கள்.

சிவமலர்

*

ஒமாவி
17.7.1986

தங்கச்சி,

உன்ரை கடிதம் இப்ப வந்த பிளேனிலைதான் கிடைச்சது. அது திரும்ப முன்னம் பைலட்டிட்டை ஐஞ்சு நிமிசம் கேட்டு எழுதுறன்.

பத்து: தாய் இலையிலை சுத்திக் கொண்டந்தவ, ஒரு மணித்தியாலம் இருக்கும். பதினொண்டு: எனக்கு முன்னாலை போனது, ரெண்டு மூண்டு நிமிசம். பன்னிரண்டும் பதின்மூண்டும் நேர்ஸ் எடுத்தது, தெரியாது. பதினாலு: ஜூன் 19, வியாழன் பின்னேரம் ஐஞ்சு பத்து. அரை நிமிசமும் இல்லை. போத்தல் திறந்தபடி கையிலை இருந்தது.

பிறக்கேக்கை ஆறு றாத்தல் நாலு அவுன்ஸ். இப்ப ஏழு றாத்தல், அதிலை பாதி வயித்து நீர். முகம் வீங்கத் தொடங்கீட்டுது. பால் குடிக்கக் களைக்குது. நேற்றுக் காலமை சிரிச்சவள்.

எந்த மருந்து எண்டு எழுது. கெதியா.

அண்ணை

*

ஷ்லீரன்
1.8.1986

அண்ணை,

சுகம் விசாரிக்க எனக்கு இப்ப நேரமில்லை. பதினாலு உங்கடை பிள்ளை.

இண்டைக்குக் காலமை உங்கடை கடிதத்தை பஸ் தரிப்பிலை நிண்டு வாசிச்சன். ஆறு கிழமைக் குழந்தை எப்ப போகும் எண்டு திறந்த போத்தலோடை ஆர் காத்திருப்பினம்? மடியிலை வைச்சிருக்கிற தேப்பன்தான் காத்திருப்பான். பிறந்த நிறை அவுன்ஸ் கணக்கிலை உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அங்கத்தைப் பெண்டுகள் வீட்டிலையே பெறுகினம் எண்டு நீங்கள்தானே முந்தி எழுதினியள். சிரிச்சவளாம். மச்சாளுக்குப் பின்னின நூல் பை என்னத்துக்கு எண்டு இப்ப விளங்குது. ஐயோ அண்ணை, எனக்குச் சொல்லியிருக்கலாமே! கண்ணூறு படும், இதுவும் தங்காமல் போனால் எண்டு பயந்தியளோ? என்ரை கண்ணோ படப் போகுது?

கத்தி என்ன பிரயோசனம். என்ன செய்தன் எண்டு கேளுங்கோ. வேலைக்குப் போனதும் லொக்கரைத் திறந்து தகட்டை எடுத்தன். ஃபிராவ் டொக்டர் அம்மானின்ரை அறைக்குப் போய், எனக்குத் தெரிஞ்ச அரைகுறை டொச் பாஷையிலை சொன்னன். நான் லாபிலை ஆறு வருசம் வேலை செய்தவள், விசாரணையிலை பொய் சொன்னனான், இது கொழுக்கிப்புழு இல்லை, அரை நிமிசத்திலை போட்டது, இது என்ரை அண்ணையின்ரை பிள்ளை. அவ என்னை ஒரு பார்வை பாத்தா. பேந்து தகட்டை வாங்கி வைச்சுக் குனிஞ்சா. கனநேரம் நிமிரேல்லை. நிமிர்ந்து, “அரை நிமிசமோ?” எண்டு கேட்டா. ஓம் எண்டன். “நாங்கள் கேட்டிருக்க வேணும்” எண்டு சொல்லிக் கொப்பியை எடுத்து, எழுதினதை என்ரை கண்ணுக்கு முன்னாலை வெட்டினா.

பேந்து எல்லாம் ஓட்டம். பத்து மணிக்கே மிஷன் கந்தோருக்கு ரெலெக்ஸ் போச்சுது. தயாபெண்டசோல் எண்டுற மருந்து. உங்கடை தலைநகரத்திலை ஒரு கிறிஸ்ரியன் ஆஸ்பத்திரியிலை இருக்காம், அடுத்த பிளேனிலை வரும். உங்களுக்கு ரேடியோவிலை சொல்லுவினம். எல்லாப் பிள்ளையளுக்கும் குடுங்கோ. நூல் பை எல்லாத்தையும் கொதிதண்ணியிலை போடுங்கோ, உள்ளுக்கை விரிக்கிற இலையை ஒவ்வொரு நாளும் மாத்துங்கோ. புழு அந்த ஈரத்துக்குள்ளைதான் வளரும் எண்டு அவ நினைக்கிறா.

இங்கை இண்டைக்கு சுவிசின்ரை பிறந்தநாள். வெடி கொழுத்துறாங்கள். ஒவ்வொரு வெடிக்கும் இவர் திடுக்கிடுறார். நான் செய்ததைச் சொல்லீட்டன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

மார்ச்சிலை நான் பாத்திருக்க வேணும்.

உங்கடை மலர்

*

உ
ஷ்லீரன்
20.8.1986

அன்புள்ள அண்ணைக்கும் மச்சாளுக்கும் பிள்ளைக்கும்,

போன கடிதம் போட்டுப் பத்தொன்பது நாளாச்சு. மருந்து வந்திறங்கிச்சு எண்டு மிஷன் கந்தோரிலை சொல்லிச்சினம், அதுக்கு மேலை அவையளுக்கும் ஒண்டும் தெரியாதாம். பேர்ன் நகரத்துக்கு விசாரணைக்கு வரச்சொல்லி எங்களுக்குக் கடிதம் வந்திட்டுது. ஃபிராவ் அம்மான் தானும் வாறன் எண்டு சொல்லியிருக்கிறா.

ஒரு வரி போடுங்கோ. ஒரு சொல் எண்டாலும் போதும்.

சிவமலர்

*

உ
ஒமாவி
28.8.1986

அன்புள்ள மச்சாள் சிவமலருக்கு,

நான் ஜெயகௌரி. உங்கடை அண்ணையாலை எழுத ஏலாது, பேப்பரை எடுக்கிறார், வைக்கிறார். அதாலை இந்த முறை முழுக் கடிதமும் எனக்கு.

ரேடியோவிலை செய்தி சனிக்கிழமை காலமை வந்தது. மருந்து வியாழக்கிழமைப் பிளேனிலை வரும் எண்டு சொல்லிச்சினம். நானும் இவரும் நாளை எண்ணினம். பிள்ளை செவ்வாய்க்கிழமை விடிய, என்ரை மடியிலை, போயிட்டுது. தொண்ணூற்றொரு நாள்.

மருந்து வந்தது. இவர் பிளேனிலையிருந்து பெட்டியை இறக்கி, முகம் கழுவிப் போட்டு, அண்டைக்கே குடுக்கத் தொடங்கீட்டார். பதினொரு பிள்ளையள் குடிச்சுதுகள். ஒண்டும் சாகேல்லை மச்சாள். வயிறு வத்துது. முந்தி ரெண்டு பிள்ளை பறிகுடுத்த ஒரு தாய், உங்கடை அண்ணை எழுதியிருப்பார், அவவின்ரை தங்கச்சியின்ரை பிள்ளையும் அதுக்குள்ளை. நூல் பையெல்லாம் பெரிய கிடாரத்திலை அவிக்கினம். என்ரையையும் நான்தான் கொண்டுபோய்ப் போட்டன். அந்தப் பெண்டுகள் நாலு நாள் எங்கடை வீட்டு வாசல்லை என்னோடை இருந்தவை.

உங்களிலை எனக்குக் கோவமில்லை. நீங்கள் மார்ச்சிலை பாக்கேல்லை, நாங்கள் மே மாதம் சொல்லேல்லை. பிள்ளை தங்கட்டும், பிறகு சொல்லுவம் எண்டு நான்தான் அவரைக் கட்டிப் போட்டன். முப்பத்தொராம் நாளுக்குப் பேரும் வைக்கேல்லை. முதல்லை பயத்திலை தள்ளினன், பேந்து வயித்தோட்டம் நிக்கட்டும் எண்டு தள்ளினன். பேர் மனதுக்குள்ளை இருந்தது, வாயாலை கூப்பிடப் பயந்தன்.

படம் ஒண்டும் எடுக்கேல்லை. பிறப்புச் சேட்டிபிக்கற்றும் எழுதேல்லை. யோசிச்சுப் பாத்தால், அவளைப் பற்றி எழுத்திலை இருக்கிறது அந்தப் பதினாலாம் நம்பர் போத்தலிலை தேப்பன் எழுதி ஒட்டின லேபல் ஒண்டுதான். பெண், ஆறு கிழமை எண்டு. மச்சாள், அந்தப் போத்தலை மட்டும் கழுவாதேங்கோ.

ஜெயகௌரி

*

உ
ஷ்லீரன்
16.9.1986

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கடை கடிதத்தை மூண்டு நாளா வைச்சுக்கொண்டு இருந்தன். இவர் அதை வாசிச்ச பிறகுதான் என்னோடை பழையபடி கதைக்கிறார். பேர்னுக்கும் கூட வந்தார். என்ன உத்தியோகம் எண்டு திரும்பக் கேட்டாங்கள். உண்மையைச் சொன்னன். முந்தி ஏன் பொய் சொன்னனீர் எண்டாங்கள், பயத்திலை எண்டன். முடிவு தபாலிலை வருமாம். வரட்டும்.

மச்சாள், போத்தல் இல்லை. ஜூலை பதினோராம் திகதி நான்தான் கழுவினன். மற்றப் போத்தலுகளோடை சேர்த்து, கொதிதண்ணி விட்டு, பிரஷ் போட்டு. லேபல் ஊறி உரிஞ்சு தண்ணியோடை போயிட்டுது. அண்டைக்கு எனக்கு ஒண்டும் தெரியாது. இருக்கு எண்டு பொய் எழுத ஒரு நிமிசம் மனம் வந்தது. இனி எங்களுக்குள்ளை ஒளிப்பு வேண்டாம்.

ஆனால் நான் ஒளிச்சு வைச்ச கண்ணாடித் தகடு இருக்கு. உடையேல்லை, காயேல்லை. படிக்க வாற டொக்டர்மாருக்குக் காட்ட எண்டு ஃபிராவ் அம்மான் அதை எடுத்து வைச்சிருக்கிறா. இனிக் காட்டிலையிருந்து போத்தல் வந்தால், எத்தினை நிமிசம் எண்டு கேக்காமல் ஒருத்தரும் எழுதக் கூடாது எண்டும் சொல்லிப் போட்டா. தகட்டுப் பெட்டியிலை ஒட்ட ஒரு துண்டு தந்து, நீயே எழுது எண்டா. இடம் எழுதினன், திகதி எழுதினன், அரை நிமிசம் எண்டும் எழுதினன். நம்பர் எழுதிற இடத்தை வெறுமையா விட்டிருக்கிறன்.

அவளின்ரை பேரைச் சொல்லுங்கோ, மச்சாள்.

சிவமலர்